தங்கம் சோதித்த மேஜர்

போயர் யுத்தத்தைப் பற்றி நம் தலைமுறை பள்ளிக்கூடத்தில் படித்தது அநேகமாக ஒரே வரிதான். தென்னாப்பிரிக்காவில் போயர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் சண்டை நடந்தது, அதில் காந்திஜி ஆம்புலன்ஸ் படை நடத்தினார். அதற்கு மேல் வாத்தியாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஆனால் அந்தப் போருக்கும் நம் ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பிடிபட்ட போயர்களைத் தென்னாப்பிரிக்காவிலேயே வைத்திருந்தால் ஆபத்து என்று ஆங்கிலேயர்கள் கப்பலேற்றிக் கடல் கடந்து அனுப்பினார்கள். செயின்ட் ஹெலினா, பெர்முடா, இலங்கையில் தியத்தலாவ, இந்தியாவில் அகமத்நகர், பெல்லாரி, நீலகிரியில் கேத்தி என்று முகாம்கள் இருந்தன. அந்தப் பட்டியலில் நம் திருச்சிராப்பள்ளியும் இருக்கிறது.

அந்தப் போரைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் ஜான் மக்பிரைட் என்ற ஐரிஷ்காரரைத் தெரிந்துகொண்டேன். பிழைப்புக்காகத் தங்கச் சுரங்கத்துக்குப் போனவர், அங்கே போர் வந்ததும் துப்பாக்கி எடுத்தவர். கடைசியில் சொந்த ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவரை வீரர் என்றும் சொல்கிறார்கள், குடிகாரர் என்றும் சொல்கிறார்கள். இரண்டு சொல்லுக்கும் ஆதாரம் இருக்கிறது. அதனால்தான் இவரைப் பற்றி எழுதத் தோன்றியது.

பிறந்த மண்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் மேயோ என்று ஒரு மாவட்டம். அதில் வெஸ்ட்போர்ட் என்ற சிறிய துறைமுக ஊர். 1868 மே மாதம், துறைமுகத்தை ஒட்டிய ஒரு வியாபாரக் குடும்பத்தில் ஐந்து ஆண் பிள்ளைகளில் கடைக்குட்டியாக ஜான் பிறந்தார்.

அவர் பிறப்பதற்கு இருபது வருடங்களுக்கு முன்புதான் அயர்லாந்தில் பெரும் பஞ்சம் வந்துபோயிருந்தது. உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, 1845-ல் தொடங்கிய பஞ்சம் ஏழெட்டு வருடம் ஆட்டிவைத்தது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் அதிகமானவர்கள் கப்பலேறி ஊரை விட்டே போனார்கள். மேயோ மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று. தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்டவர்களுக்கு இது எப்படிப்பட்ட நினைவு என்று புரியும். மக்கள் செத்துக்கொண்டிருந்தபோதே துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியானது என்ற ஆத்திரம் அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக இருந்தது.

ஜானுக்குப் பதினொரு வயது நடக்கும்போது, 1879 ஜூனில், அவர் ஊரிலேயே ஒரு பெரிய கூட்டம் நடந்தது. குத்தகைதாரர்கள் நிலத்தை விட்டுக்கொடுக்காமல் உறுதியாக நிற்க வேண்டும் என்று பார்னெலும் மைக்கேல் டேவிட்டும் பேசினார்கள். அடுத்த வருடம் அதே மேயோவில் கேப்டன் பாய்காட் என்ற பண்ணை ஏஜெண்டுக்கு ஊரே வேலை செய்ய மறுத்தது. கடையில் சாமான் கொடுக்கவில்லை, தபால்கூடக் கொண்டுபோகவில்லை. நாம் இன்றைக்கும் சாதாரணமாகச் சொல்லும் 'பாய்காட்' என்ற சொல் அந்த ஆளின் பெயர்தான். அந்த மாவட்டத்தில் வளர்ந்த பையன் எப்படி இருப்பான் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை.

படிப்பு முடிந்து ஜவுளிக்கடையில் கொஞ்ச நாள், மருத்துவப் படிப்பில் கொஞ்ச நாள், டப்ளினில் மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியில் சில வருடங்கள் என்று போனது. கூடவே, ஆயுதம் ஏந்தியாவது விடுதலை பெற வேண்டும் என்ற ஐ.ஆர்.பி. என்னும் ரகசிய இயக்கத்தில் சேர்ந்தார். போலீஸ் கண்ணில் விழுந்தார். 1896-ல் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். வயது இருபத்தெட்டு.

தங்க ஊர்

அவர் போய்ச் சேர்ந்த ஜோகன்னஸ்பர்க்குக்கு அப்போது வயது பத்துதான். 1886-ல் லாங்லாக்டே என்ற பண்ணை நிலத்தில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்களில் முதன்மையானவராகச் சொல்லப்படும் ஜார்ஜ் ஹாரிசன் தன் பங்கைப் பத்துப் பவுனுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார் என்பது அந்த ஊரில் இன்றும் சொல்லப்படும் கதை. புல்வெளியாக இருந்த இடத்தில் 1896-ல் கணக்கெடுத்தபோது ஒரு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 1898-ல் உலகத்தில் எடுக்கப்பட்ட தங்கத்தில் கால் பங்குக்கு மேல் அங்கிருந்துதான் வந்தது.

மக்பிரைட் வேலைக்குச் சேர்ந்ததும் அதே லாங்லாக்டே சுரங்கத்தில்தான். பூமிக்கு அடியில் கல் உடைக்கும் வேலை இல்லை. வெட்டி வரும் பாறையில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று சோதித்துச் சொல்லும் வேலை.

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வங்கியில் இருந்த காலத்தில் நகைக் கடன் பிரிவில் உட்கார்ந்து, பத்தர் உரைகல்லில் நகையை உரசி, மேலே ஒரு சொட்டு திராவகம் விட்டு, கண்ணை இடுக்கிப் பார்ப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது நகைக்குச் சரி. பாறைக்கு உரைகல் உதவாது. அங்கே ஒரு டன் பாறையை உடைத்தால் தேறுவது ஒரு சவரன், இரண்டு சவரன் எடைத் தங்கம்தான். கண்ணுக்கே தெரியாது.

அதனால் நெருப்பில்தான் சோதனை. பாறையை மாவாக அரைத்து, ஈய ஆக்சைடும் சோடாவும் வெண்காரமும் சேர்த்து மூசையில் போட்டு உலையில் வைப்பார்கள். ஈயம் உருகி அடியில் இறங்கும்போது தங்கத்தையும் வெள்ளியையும் சேர்த்து வாரிக்கொண்டு இறங்கும். அந்த ஈயக் கட்டியை எலும்புச் சாம்பலில் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து மறுபடி சூடேற்றினால், ஈயத்தைச் சாம்பல் குடித்துவிடும். கடுகைவிடச் சின்னதாக ஒரு மணி மிஞ்சும். அதிலிருக்கும் வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டு, மிஞ்சியதை நுண்ணிய தராசில் நிறுத்துவார்கள். அந்த எடையை வைத்து டன்னுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் தோண்டுவது, எதை விடுவது என்று கம்பெனி முடிவு செய்யும்.

அங்கே எடுத்த தங்கம் லண்டனுக்குப் போய் சவரன் நாணயமாகவும் ஆனது. நாம் எட்டு கிராமைச் 'சவரன்' என்று சொல்வதே அந்த ஆங்கில நாணயத்தின் பெயரால்தான்.

அந்தத் தங்கத்தை வெட்டியவர்கள் யார் என்றால், பெரும்பாலும் கறுப்பின ஆப்பிரிக்கர்கள். போர் தொடங்கிய சமயத்தில் அவர்கள் எண்ணிக்கை ஒரு லட்சத்தை நெருங்கியிருந்தது. கூலி குறைவு, நடமாட அனுமதிச் சீட்டு வேண்டும், ஓட்டு கிடையாது. போயர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் நடந்த தகராறில் அவர்களுடைய உரிமையைப் பற்றி இரண்டு பக்கமுமே அக்கறைப்படவில்லை. இதைக் கடைசியில் மறுபடியும் பார்ப்போம்.

போர் வந்தது

டச்சு மொழியில் போயர் என்றால் விவசாயி. பல தலைமுறைக்கு முன் ஹாலந்து பக்கத்திலிருந்து போய்க் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். டிரான்ஸ்வால், ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் என்று இரண்டு குடியரசுகளை நடத்திக்கொண்டிருந்தார்கள். தங்கம் கிடைத்ததும் ஆங்கிலேயர்களுக்கு அந்த மண்ணின்மீது கண் விழுந்தது. புதிதாக வந்து குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று கேட்டார்கள். கொடுத்தால் நாடு கைமாறிவிடும் என்று அதிபர் க்ரூகருக்குத் தெரியும். 1899 அக்டோபர் 11-ல் போர் மூண்டது.

மக்பிரைட்டும் அவர் கூட்டாளிகளும் வந்தேறிகள்தான். அவர்களுக்காகத்தான் போர் என்று லண்டன் சொன்னது. ஆனால் ஐரிஷ் சுரங்கத் தொழிலாளிகளில் ஒரு கூட்டம் போயர் பக்கம் போய் நின்றது. தங்கள் நாட்டை எடுத்துக்கொண்டவன் இன்னொரு நாட்டையும் எடுக்க வருகிறான் என்பதுதான் அவர்கள் நியாயம்.

இப்படி உருவானதுதான் ஐரிஷ் டிரான்ஸ்வால் பிரிகேட். சுமார் முந்நூறு பேர். தலைவர் ஜான் பிளேக் என்ற அமெரிக்கர், அங்கே குதிரைப்படையில் இருந்தவர். அவருக்கு அடுத்த இடம் மக்பிரைட்டுக்கு, மேஜர் பதவியோடு. டிரான்ஸ்வால் அரசு அவருக்குக் குடியுரிமை கொடுத்தது. இராணுவப் பயிற்சி எதுவும் இல்லாத, சோதனைச் சாலையில் தராசு பார்த்துக்கொண்டிருந்த மனிதர் ஒரே மாதத்தில் மேஜர். சாகும்வரை அந்தப் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

டுகேலா ஆற்றங்கரை

போர் தொடங்கி ஒன்பதாம் நாளே டண்டீ என்ற ஊரில் சண்டை. ஆங்கிலேயர் தரப்பில் நின்ற படைகளில் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ், ராயல் ஐரிஷ் ஃபியூசிலியர்ஸ் இரண்டும் உண்டு. அதாவது ஐரிஷ்காரனுக்கு எதிரில் ஐரிஷ்காரன். கூலிப் பிழைப்புக்காக ஆங்கிலப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் அந்தப் பக்கம், தங்கக் கூலிக்காகக் கப்பலேறியவர்கள் இந்தப் பக்கம். ஊரில் ஒரே பஞ்சம்தான் இரண்டு கூட்டத்தையும் வெளியே துரத்தியது.

அதன் பின் லேடிஸ்மித் முற்றுகை. போயர்களிடம் 'லாங் டாம்' என்ற பிரெஞ்சு பீரங்கிகள் இருந்தன. நாற்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள குண்டை ஒன்பது, பத்து கிலோமீட்டர் தூரம் வீசக்கூடியவை. அவற்றில் பெப்வர்த் குன்றின் மேல் இருந்ததைக் காக்கும் வேலை ஐரிஷ் படைக்கு. அக்டோபர் 30-ல் நடந்த சண்டையில் பிளேக்கின் கையில் குண்டு பட்டது. பொறுப்பு மக்பிரைட் தலையில் விழுந்தது.

முற்றுகையிடப்பட்ட ஊருக்குள் பிரபு சிங் என்ற இந்தியத் தொழிலாளி இருந்தார். இன்னொரு குன்றிலிருந்த பீரங்கி வெடிக்கும் ஒவ்வொரு முறையும் மணியடித்து ஜனங்களை ஒதுங்க வைப்பது அவர் வேலை. தன் உயிரைப் பற்றிக் கவலைப்படாமல் அதைச் செய்தார் என்று காந்திஜி எழுதியிருக்கிறார்.

1899 டிசம்பர் 15-ல் டுகேலா ஆற்றங்கரையில் கொலென்சோ போர். லேடிஸ்மித்தை மீட்க வந்த ஜெனரல் புல்லரின் படை அங்கே படுதோல்வி அடைந்தது. பத்து பீரங்கிகளைப் போட்டுவிட்டுப் பின்வாங்கியது. அடிபட்டவர்கள், செத்தவர்கள், பிடிபட்டவர்கள் சேர்த்து ஆயிரத்துக்கு மேல். அதில் பெரிய பங்கு ஜெனரல் ஹார்ட்டின் பிரிவுக்கு. அதற்குப் பெயரே ஐரிஷ் பிரிகேட். அதில் கானாட் ரேஞ்சர்ஸ் என்ற படையும் இருந்தது. மேயோ இருப்பது கானாட் மாகாணத்தில்தான். மக்பிரைட்டின் சொந்தச் சீமைப் பையன்கள் அந்த ஆற்றின் வளைவில் குண்டடி பட்டுக் கிடந்தார்கள். எதிர்க்கரையில் போயர்களோடு மக்பிரைட் நின்றார். அன்றைக்கு அவர் ஏறியிருந்த குதிரை சுடப்பட்டது.

அதே நாள், அதே போர்க்களத்தில் காந்திஜியின் ஆம்புலன்ஸ் படையும் இருந்தது. சுமார் 1,100 பேர். அதில் எண்ணூறு பேர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். காயம்பட்ட சிப்பாய்களை டோலியில் வைத்து மைல் கணக்கில் சுமந்தார்கள். காந்திஜியின் மனசு போயர்கள் பக்கம்தான் இருந்தது. ஆனால் பிரிட்டிஷ் பிரஜையாக உரிமை கேட்பவர்கள் பிரஜையின் கடமையைச் செய்ய வேண்டும் என்று அன்று நினைத்தார். மக்பிரைட் அதே அனுதாபத்தோடு நேர் எதிர் முடிவுக்கு வந்தார். இரண்டு பேரும் அடிமை நாட்டுக்காரர்கள். இதில் யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். டோலியில் தூக்கிச் சுமந்த ஐரிஷ் பையனுக்கும் சுமந்த தமிழனுக்கும் தாங்கள் ஏன் அங்கே இருக்கிறோம் என்பது எவ்வளவு தெளிவாக இருந்திருக்கும் என்றுதான் யோசிக்கிறேன்.

இந்தப் பக்கம் அயர்லாந்தில், போரைக் கண்டித்து மைக்கேல் டேவிட் தன் பாராளுமன்றப் பதவியை உதறினார். அந்தத் தெற்கு மேயோ தொகுதியில் 1900 பிப்ரவரியில் இடைத்தேர்தல். போர்க்களத்தில் இருந்த மக்பிரைட்டை வேட்பாளராக நிறுத்தினார்கள். சொந்த மாவட்டம், ஊரெல்லாம் அவர் பேச்சு. ஆனாலும் தோற்றார், அதுவும் பெரிய வித்தியாசத்தில். ஜனங்கள் கைதட்டுவது வேறு, ஓட்டுப் போடுவது வேறு என்பது நமக்குத் தெரியாததா!

1900-ல் காற்று திரும்பியது. லேடிஸ்மித் மீட்கப்பட்டது, ஜோகன்னஸ்பர்க் விழுந்தது, ஜூனில் பிரிட்டோரியாவும் போனது. பின்வாங்கும் போயர் படைக்குப் பின்னால் நின்று எதிரியைத் தாமதப்படுத்தும் வேலையில் ஐரிஷ்காரர்கள் இருந்தார்கள். சுரங்கத்தில் வெடி வைத்துப் பழகிய கைகள் பாலங்களைத் தகர்க்க உதவின. செப்டம்பரில் எல்லை ஓரமான கொமாட்டிபூர்ட்டில் படை கலைக்கப்பட்டு, போர்ச்சுகீசிய மொசாம்பிக் வழியாக வெளியேறியது. போயர்கள் அதன் பிறகும் சிறுசிறு குழுக்களாக 1902 மே வரை போராடினார்கள். அவர்களுடைய பெண்களையும் குழந்தைகளையும் ஆங்கிலேயர்கள் முகாம்களில் அடைத்தார்கள். அங்கே நோயிலும் பட்டினியிலும் இறந்தவர்கள் 26,000-க்கு மேல். கறுப்பின மக்களுக்குத் தனி முகாம்கள். அங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். அந்தக் கணக்கைச் சரியாக எழுதிவைக்கக்கூட அப்போது யாரும் மெனக்கெடவில்லை.

பாரிஸ் கல்யாணம்

ஊருக்குத் திரும்பினால் தேசத் துரோக வழக்கு. அதனால் மக்பிரைட் பாரிஸில் தங்கினார். ரயில் நிலையத்தில் அவரை வரவேற்கப் போனவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் பழைய நண்பர் ஆர்தர் கிரிஃபித், பின்னாளில் ஷின் ஃபெயின் இயக்கத்தைத் தொடங்கியவர். இன்னொருவர் மோட் கான். ஆங்கிலேய இராணுவ அதிகாரியின் மகளாகப் பிறந்து ஐரிஷ் விடுதலைக்கு வந்தவர். அழகுக்கும் மேடைப் பேச்சுக்கும் பெயர் பெற்றவர். கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் அவரைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தார்.

1901-ல் மக்பிரைட்டும் மோட் கானும் அமெரிக்காவில் ஊர் ஊராகப் பேசினார்கள். 1903 பிப்ரவரியில் பாரிஸில் திருமணம். அடுத்த ஜனவரியில் ஷான் என்ற மகன். அதற்குள்ளேயே வீடு கெட்டுவிட்டது. 1905-ல் மோட் கான் நீதிமன்றம் போனார். குடி, அடிதடி, வீட்டிலிருந்த பெண்களிடமும் சிறுமியிடமும் முறைதவறி நடந்தது என்று கடுமையான குற்றச்சாட்டுகள். அவர் எல்லாவற்றையும் மறுத்தார். 1906-ல் தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது குடியை மட்டும். பிரிந்து வாழ அனுமதி கிடைத்தது, பிள்ளை தாயிடம் போனது. மற்ற குற்றச்சாட்டுகளைப் பற்றி இன்றைக்கும் வரலாற்று ஆசிரியர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்.

போர்க்களம் முடிந்து வேலையும் ஊரும் இல்லாமல், மொழி தெரியாத நகரத்தில் 'மேஜர்' என்ற பட்டத்தோடு மட்டும் உட்கார்ந்திருந்த மனிதர். மனைவியின் பணத்தில் குடித்தனம். இது அவருடைய நடத்தைக்குச் சமாதானம் ஆகாது. ஆனால் பட்டாளத்திலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து குடியில் கரைந்தவர்களை நாமும் நம் தெருக்களில் பார்த்திருக்கிறோம். அவர்கள் வீட்டுப் பெண்கள் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறோம்.

மக்பிரைட் டப்ளினுக்குத் திரும்பினார். மகனை விட்டு வந்தவர், பிறகு அவனோடு வாழவே இல்லை. சில வருடம் கழித்து டப்ளின் மாநகராட்சியில் ஒரு சாதாரண உத்தியோகம் கிடைத்தது. இளைஞர்கள் போயர் யுத்தக் கதை கேட்பார்கள், இவர் சொல்வார். பழைய கதை சொல்லும் மனிதர் என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

பிஸ்கட் ஃபேக்டரி

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கட்கிழமை. டப்ளினில் எழுச்சி தொடங்கியது. இதைத் திட்டமிட்டவர்கள் மக்பிரைட்டிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் அன்றைக்கு நகரத்துக்கு வந்ததே, கல்யாணம் நிச்சயமாகியிருந்த தன் அண்ணன் டாக்டர் ஆண்டனியைப் பார்ப்பதற்காக. நல்ல உடை, கையில் பிரம்பு. வழியில் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்கா அருகே தாமஸ் மக்டோனாவின் தலைமையில் தொண்டர்கள் துப்பாக்கியோடு போவதைப் பார்த்தார். விஷயம் புரிந்தது. நானும் வருகிறேன் என்று கூடவே போய்விட்டார்.

இந்த இடம்தான் அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது. வயது நாற்பத்தெட்டை நெருங்குகிறது. யாரும் கூப்பிடவில்லை. திரும்பி நடந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஜெயிக்காது என்று அந்தக் கூட்டத்திலேயே நன்றாகத் தெரிந்திருக்கக்கூடியவர் அவர்தான், ஏனென்றால் நிஜமான போரைப் பார்த்தவர்.

ஜேக்கப்ஸ் என்ற பிஸ்கட் தொழிற்சாலையை அவர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். மக்டோனாவுக்கு அடுத்த நிலையில் மக்பிரைட். மக்டோனா டப்ளின் பல்கலைக் கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர். அவரிடம் பாடம் கேட்ட மாணவர்களில் ஒருவர் நம் வி. வி. கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். எழுச்சி நடந்தபோது அவரும் டப்ளினில்தான் இருந்தார். அந்த வருடமே வெளியேறச் சொல்லி உத்தரவு வர, இந்தியா திரும்பினார்.

ஏப்ரல் 30-ல் சரணடைய வேண்டியதாயிற்று. அப்போது கூட இருந்த இளைஞர்களிடம், இனி ஒருபோதும் கட்டடத்துக்குள் போய் அடைபட்டுக்கொள்ளாதீர்கள் என்று மக்பிரைட் சொன்னதாக உடனிருந்தவர்கள் பின்னர் பதிவு செய்திருக்கிறார்கள். அது போயர்களிடம் கற்ற பாடம். திறந்த வெளியில் சிறு குழுவாக அடித்துவிட்டு மறைய வேண்டும். 1919 முதல் 1921 வரை நடந்த ஐரிஷ் விடுதலைப் போர் அந்த வழியில்தான் நடந்தது.

மே 4-ல் இராணுவ விசாரணை. மே 5 விடியற்காலை கில்மைனம் சிறையில் சுட்டுக் கொன்றார்கள். கண்ணைக் கட்ட வேண்டாம் என்று கேட்டார். தென்னாப்பிரிக்காவில் எத்தனையோ துப்பாக்கி முனைகளைப் பார்த்தவன் நான், இது ஒன்றும் புதிதில்லை என்ற பொருளில் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார்கள். உடலைச் சொந்தக்காரர்களிடம் கொடுக்கவில்லை. மற்றவர்களோடு ஆர்பர் ஹில்லில் சுண்ணாம்புக் குழியில் புதைத்தார்கள்.

எடுபிடி வேலைபோல ஓர் எழுச்சியில் ஒரு வாரம் இருந்தவருக்கு மரண தண்டனை ஏன்? போயர் போர்க் கணக்கையும் சேர்த்துத் தீர்த்துவிட்டார்கள் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் அதே போயர் போரில் இரண்டாவது ஐரிஷ் படையை நடத்தியவர் ஆர்தர் லிஞ்ச். அவருக்கு 1903-ல் தூக்குத் தண்டனை விதித்தார்கள், பிறகு குறைத்தார்கள், மன்னித்தார்கள், அவர் பாராளுமன்ற உறுப்பினரானார். 1918-ல் ஆங்கிலேய இராணுவத்திலேயே கர்னலானார்! மக்பிரைட்டுக்கு அப்படித் திரும்பும் வழி தெரியவில்லை, அல்லது பிடிக்கவில்லை.

யார் எடை போடுவது

ஈஸ்டர் எழுச்சியைப் பற்றி யேட்ஸ் எழுதிய கவிதை உலகப் புகழ் பெற்றது. அதில் மக்பிரைட்டைக் குடிகாரன், வீம்புக்காரன் என்று கடுமையாகச் சொல்கிறார். தான் விரும்பிய பெண்ணுக்குத் தீங்கு செய்தவன் என்ற கோபம். ஆனாலும் அந்தத் தியாகிகளின் வரிசையிலிருந்து அவரை நீக்க முடியவில்லை, பெயர் சொல்லிச் சேர்க்கிறார். மோட் கானும் அப்படித்தான். நீதிமன்றம் வரை போய்ப் பிரிந்தவர், அவர் இறந்த பிறகு கறுப்பு உடை அணிந்தார், மோட் கான் மக்பிரைட் என்ற பெயரிலேயே கடைசி வரை வாழ்ந்தார்.

தங்கத்தைச் சோதிக்கும்போது ஈயம் தனியே போகும், வெள்ளி தனியே கரையும், சுத்தமானது மட்டும் நிற்கும். மனிதர்களிடம் அப்படிப் பிரிக்க முடிவதில்லை. துணிச்சலும் குடியும் ஒரே ஆளுக்குள் இருந்தன. தியாகி என்றால் மறுபக்கத்தைப் பேசக்கூடாது என்று நாம் பழகிவிட்டோம். நம் ஊரிலும் சிறை சென்ற பெரியவர்களின் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று அந்த வீட்டு அம்மாக்களிடம் யாரும் கேட்டதில்லை. மோட் கான் கேட்கக் காத்திருக்காமல் தானே சொன்னார். அவர் சொன்னதை மறைத்துவிட்டு மக்பிரைட்டின் வரலாற்றை எழுதக்கூடாது. அதற்காக அந்தத் திங்கட்கிழமை அவர் எடுத்த முடிவை இல்லையென்றும் ஆக்கக்கூடாது.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. மக்பிரைட் எந்தப் போயர்களின் சுதந்திரத்துக்காகச் சண்டை போட்டாரோ, அவர்களும் ஆங்கிலேயர்களும் 1910-ல் சமாதானமாகி ஒரே நாடானார்கள். 1913-ல் கறுப்பின மக்கள் நிலம் வாங்கும் உரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். நிலத்தைப் பிடுங்குவதற்கு எதிராக எழுந்த மேயோவிலிருந்து வந்தவர், நிலம் பிடுங்கப் போகிறவர்களுக்குத் தோள் கொடுத்தார். அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் தினமும் சோதனைச் சாலைக்கு வந்த பாறையை வெட்டியவர்கள் யார் என்பது தெரியும்.

தந்தை சுடப்பட்டபோது மகன் ஷானுக்குப் பன்னிரண்டு வயது. அவரும் முதலில் துப்பாக்கி வழியில் போனார், ஐ.ஆர்.ஏ. தலைவர்களில் ஒருவரானார். பிறகு வக்கீலானார், அயர்லாந்தின் வெளியுறவு அமைச்சரானார், ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பை வளர்த்தார். 1974-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். அதே சமயத்தில் அவர் வகித்த இன்னொரு பதவி, நமீபியாவுக்கான ஐ.நா. ஆணையர். நமீபியாவை அப்போது பிடித்து வைத்திருந்தது நிறவெறி தென்னாப்பிரிக்கா. ஆட்சியில் இருந்தவர்கள் பழைய போயர்களின் பேரப் பிள்ளைகள்.

எழுபது வயதில் ஷான் மக்பிரைட் அந்த அரசுக்கு எதிராகக் கறுப்பின மக்களின் விடுதலைக்கு வாதாடிக்கொண்டிருந்தார். அப்பா அந்த மண்ணில் பார்க்காமல் விட்ட ஜனங்களை மகன் பார்த்தார்.